மைலுக்கு ஒரு பென்னி



உங்களில் பாதிப்பேர் இந்த மண்டபத்துக்கு ரயிலில் வந்திருப்பீர்கள். கூட்டம் முடிந்ததும் கைப்பேசியில் நேரம் பார்த்து, தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு, நிலையத்துக்கு ஓடவும் போகிறீர்கள். இன்று நான் பேச எடுத்துக்கொண்டது அந்த ரயிலைப் பற்றித்தான். யாழ்ப்பாணத்தில் நாங்கள் அதைக் கோச்சி என்று சொல்லி வளர்ந்தோம். கோச்சி வருகுது, கோச்சி போகுது, கோச்சி பிந்திப்போச்சு. இன்று பிரித்தானியாவின் கோச்சியைப் பற்றிப் பேசுவோம். அது எங்கே போகிறது? எவ்வளவு வாங்குகிறது? யாரை ஏற்றிக்கொள்கிறது? யாரை நடைமேடையிலேயே நிறுத்திவிட்டுப் போகிறது? இந்தக் கடைசிக் கேள்விக்காகத்தான் நான் இங்கே வந்தேன்.

1825 செப்டம்பர் 27 அன்று ஸ்டொக்டனுக்கும் டார்லிங்டனுக்கும் இடையில் ஜார்ஜ் ஸ்டீவன்சனின் நீராவி எஞ்சின் ஓடியது. 2025இல் அதன் இருநூறாவது ஆண்டை நாடே கொண்டாடியது. எஞ்சினைக் கொண்டாடினார்கள், பாலங்களைக் கொண்டாடினார்கள், வேகத்தைக் கொண்டாடினார்கள். கொண்டாட வேண்டியதுதான். ஆனால் இந்த இருநூறு ஆண்டில் எஞ்சினைவிடப் பெரிய காரியம் ஒன்று நடந்திருக்கிறது. அதற்குச் சக்கரம் இல்லை, கொதிகலன் இல்லை. அது ஒரு சட்டம். அந்தச் சட்டத்துக்குப் பின்னால் ஒரு சாவு இருக்கிறது. அதிலிருந்து தொடங்குகிறேன்.

1841ஆம் ஆண்டு டிசம்பர் 24. கிறிஸ்மசுக்கு முதல்நாள். விடியுமுன் பாடிங்டனிலிருந்து பிரிஸ்டலுக்கு ஒரு ரயில் புறப்படுகிறது. பாதி சரக்கு, பாதி மனிதர். மூன்றாம் வகுப்பில் ஏறியவர்களில் பெரும்பாலோர் கல்தச்சர்கள், கட்டட வேலைக்காரர்கள். 1834இல் எரிந்துபோன வெஸ்ட்மின்ஸ்டர் நாடாளுமன்றத்தைத் திரும்பக் கட்டிக்கொண்டிருந்தவர்கள். பெருநாளுக்கு வீட்டுக்குப் போகிறார்கள். மனைவிக்கு என்ன வாங்கிப் போனார்களோ, பிள்ளைக்கு என்ன வாங்கிப் போனார்களோ, எந்த ஏட்டிலும் அது இல்லை.

மூன்றாம் வகுப்பு என்றால் எப்படி இருந்தது தெரியுமா? கூரை இல்லை. சன்னல் இல்லை. கதவு என்று சொல்லக்கூடிய கதவும் இல்லை. தாழ்ந்த பக்கப்பலகை வைத்த திறந்த பெட்டி. மார்கழிக் குளிரில், இருட்டில், எஞ்சின் கக்கும் கரித்தூளைத் தலையில் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். முன்னால் எஞ்சின், பின்னால் கனத்த சரக்குப் பெட்டிகள், இரண்டுக்கும் நடுவில் இவர்கள். ரெடிங் நகருக்கு அருகே சோனிங் என்னுமிடத்தில் மேட்டுநிலத்தை வெட்டிப் பாதை போட்டிருந்தார்கள். மழையில் ஊறிய மண் சரிந்து தண்டவாளத்தை மூடியிருந்தது. எஞ்சின் மண்ணில் மோதி நின்றது. பின்னால் வந்த சரக்குப் பெட்டிகள் நிற்கவில்லை. எட்டுப் பேர் அந்த இடத்திலேயே இறந்தார்கள். ஒன்பதாமவர் பிறகு மருத்துவமனையில் இறந்தார்.

நாட்டுக்கு நாடாளுமன்றம் கட்டிய கைகளுக்கு மேலே ஒரு கூரை போட்டுக் கொடுக்க அந்த நாட்டால் முடியவில்லை! இந்த வெட்கம் அன்றைய மனிதர்களைச் சுட்டது. விசாரணை வந்தது, வாதம் வந்தது. மூன்று ஆண்டு கழித்து, 1844இல், ஒரு சட்டமும் வந்தது. அதைக் கொண்டுவந்தவர் வணிக வாரியத் தலைவராக இருந்த கிளாட்ஸ்டன், பின்னாளில் நான்கு முறை பிரதமரானவர்.

என்ன சொன்னது அந்தச் சட்டம்? புதிய ரயில்பாதைக் கம்பெனி ஒவ்வொன்றும் ஞாயிறு தவிர்ந்த எல்லா நாளும் இரு திசையிலும் ஒரு ரயிலையாவது ஏழைக்காக ஓட்ட வேண்டும் என்றது. அந்த ரயில் வழியிலுள்ள எல்லா நிலையத்திலும் நிற்க வேண்டும் என்றது. நிற்கும் நேரத்தையும் சேர்த்து மணிக்குப் பன்னிரண்டு மைலுக்குக் குறையாமல் ஓட வேண்டும் என்றது. மழையும் காற்றும் படாத பெட்டியில் இருக்கை வேண்டும் என்றது. 56 இறாத்தல் மூட்டை இலவசம், மூன்று வயதுக்குட்பட்ட குழந்தை இலவசம், பன்னிரண்டு வயது வரை அரைக்கட்டணம் என்றது. இத்தனைக்கும் கட்டணம் மைலுக்கு ஒரு பென்னிக்கு மேல் போகக்கூடாது என்றது.

மைலுக்கு ஒரு பென்னி! அன்றைய கூலிக்காரனுக்கு அதுவும் சிறிய காசு இல்லை. ஆனாலும் இந்த ஐந்தாறு வரியின் பலத்தை நினைத்துப் பாருங்கள். தனியார் பணத்தில் போட்ட பாதை, தனியார் எஞ்சின், தனியார் பெட்டி. அதற்குள் அரசு கை நீட்டி, ‘இவ்வளவுதான் வாங்கலாம், இங்கே நிற்க வேண்டும், இந்த வேகத்தில் போக வேண்டும், தலைக்குமேல் கூரை வேண்டும்’ என்று சொல்கிறது. ரயிலுக்குப் போகத் தெரியும் என்பதை ஸ்டீவன்சன் காட்டினார். யாரை ஏற்றிக்கொண்டு போக வேண்டும் என்பதை இந்தச் சட்டம் சொன்னது.

கம்பெனிகள் என்ன செய்தன? சட்டத்தை மீறவில்லை. நாளுக்கு ஒரு ரயில் என்றுதானே சட்டம்? சரி, ஓட்டுகிறோம் என்று அதை ஒருவரும் விரும்பாத நேரத்தில், கோழி கூவுமுன் ஓட்டினார்கள். மலிவு ரயில் உண்டு, ஆனால் அதைப் பிடிக்க நள்ளிரவில் எழும்ப வேண்டும். இந்தத் தந்திரத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இன்றைய கட்டணத்தைப் பேசும்போது திரும்ப இங்கே வருவேன்.

எல்லாக் கம்பெனியும் அப்படி இருந்ததில்லை. மிட்லண்ட் ரயில்வே 1872இல் தன் எல்லா ரயில்களிலும் மூன்றாம் வகுப்புக்காரரை ஏற்றிக்கொண்டது. 1875இல் இரண்டாம் வகுப்பையே ஒழித்து, மூன்றாம் வகுப்பு இருக்கைக்கு மெத்தை போட்டது. மற்றக் கம்பெனிகள் கொதித்தன. மரப்பலகையில் உட்கார வைத்தால்தானே காசுள்ளவன் மேல்வகுப்புக்குப் போவான், மெத்தை போட்டால் யார் போவார் என்பது அவர்கள் நியாயம். ஆனால் மக்கள் மெத்தையைக் கண்டபின் பலகைக்குத் திரும்பவில்லை. ஒவ்வொன்றாக எல்லோரும் மிட்லண்ட் வழிக்கு வந்தார்கள்.

இனி ஒரு சின்னப் பொருளை உங்கள் முன் வைக்கிறேன். என் சட்டைப்பையில் இருக்கிறது. இதோ பாருங்கள், பின்வரிசைக்குத் தெரியாது, அவ்வளவு சின்னது. இரண்டேகால் அங்குல நீளம், ஒரு அங்குலத்துக்குச் சற்று மேலான அகலம். தடித்த அட்டை, ஓரம் மழுங்கிவிட்டது. அட்டை டிக்கெட். எங்கள் வயதுக்காரர் எல்லோருக்கும் இது தெரியும். யாழ்ப்பாண நிலையத்தில் கம்பி வலைக்குப் பின்னால் மாஸ்டர் உட்கார்ந்திருப்பார். அப்பா காசை நீட்டுவார். மரப்பெட்டியின் அறைகளிலிருந்து இந்த அட்டை ஒன்றை உருவி, ஒரு இரும்புக் கருவியின் வாயில் கொடுப்பார். ‘டக்’ என்று ஒரு சத்தம். திகதி அழுந்திவிடும். அந்தச் சத்தம் கேட்டதும் எனக்குப் பயணம் தொடங்கிவிடும், கோச்சி வர இன்னும் ஒரு மணிநேரம் கிடந்தாலும்.

இந்த அட்டை பிறந்தது எங்கே? இங்கே, இங்கிலாந்தின் வடக்கில். தோமஸ் எட்மண்ட்சன் என்றொரு மரத்தளபாடத் தச்சர். லங்காஸ்டரில் பிறந்தவர், தொழிலில் நொடித்துப்போனவர். பிழைப்புக்காக 1836இல் நியூகாசில்–கார்லைல் பாதையில் மில்டன் என்னும் சின்ன நிலையத்தின் பொறுப்பாளரானார். அந்தக் காலத்தில் குதிரை வண்டிக்குப் போலவே ரயிலுக்கும் சீட்டைக் கையால் எழுதிக் கொடுப்பார்கள். ஒரு சீட்டு எழுத எத்தனை நிமிடம்! அதில் எத்தனை திருட்டு! எட்மண்ட்சன் அட்டையை வெட்டினார், முன்கூட்டியே ஊர்ப்பெயரை அச்சடித்தார், ஒவ்வொன்றுக்கும் வரிசை எண் இட்டார், திகதி குத்த ஒரு கருவி செய்தார். தச்சரின் கை அல்லவா? அந்த முறை உலகம் முழுவதும் போனது. இந்தியாவுக்குப் போனது, இலங்கைக்கும் போனது. பிரித்தானியாவில் 1990வரை இருந்தது.

இந்த அட்டையில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. புறப்படும் ஊர், சேரும் ஊர், வகுப்பு, விலை எல்லாம் முன்பே அச்சாகியிருக்கும். உங்களுக்கு முன்னால் நின்றவருக்கும் அதே விலை, பின்னால் நின்றவருக்கும் அதே விலை. நேற்று வாங்கினாலும் அதே, இன்று வாங்கினாலும் அதே. ஆங்கிலம் வாசிக்கத் தெரியாதவரும் கையில் பிடித்து, இது என் பயணம், இது என் விலை என்று அறியலாம். இன்று அப்படி அறிய முடிகிறதா?

அதற்குப் போகுமுன் பாதைகளைப் பற்றி ஒரு வார்த்தை. பாதை இல்லாத ஊரில் கட்டணம் பேசி என்ன பயன்? 1963 மார்ச்சில் டொக்டர் ரிச்சர்ட் பீச்சிங் என்பவர் ஒரு அறிக்கை வெளியிட்டார். இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட நிலையங்களை மூடலாம், ஐயாயிரம் மைல் பாதையை எடுத்துவிடலாம் என்றார். கணக்குச் சரியாகத்தான் இருந்தது. நாட்டுப் பாதையில் மூன்றிலொரு பங்கு, பயண மைல் கணக்கில், நூற்றுக்கு ஒருவரைத்தான் சுமக்கிறது என்று எழுதினார். ஆனால் அந்த ஒருவர் யார்? கார் இல்லாதவர். கிழவி. பள்ளிப் பிள்ளை. சந்தைக்குப் போகிறவர். கணக்கில் அவர் ஒன்று. ஊரில் அவர்தான் ஊர்.

எடின்பரோவிலிருந்து எல்லை மலைகள் வழியாகக் கார்லைலுக்குப் போன பாதையை 1969 ஜனவரியில் மூடினார்கள். கடைசி இரவு லண்டனுக்குப் போகும் தூங்கும்வண்டி ரயில் வருகிறது. நியூகாசில்டன் என்ற கிராமத்து மக்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? நள்ளிரவில், பனிக்குளிரில், ரயில் கடவைக் கதவை இழுத்து மூடி, தண்டவாளத்தில் நின்றுகொண்டார்கள். முன்னால் நின்றவர் அந்த ஊர்த் தேவாலயப் போதகர். பொலிஸ் வந்தது, போதகரைப் பிடித்தது. ரயிலுக்குள் பயணியாக இருந்த நாடாளுமன்ற உறுப்பினர் டேவிட் ஸ்டீல் இறங்கி வந்து சமாதானம் பேசினார். போதகரை விட்டால் கதவைத் திறக்கிறோம் என்றார்கள் மக்கள். விட்டார்கள், திறந்தார்கள். ரயில் போனது. பிறகு அந்தப் பாதையில் ரயில் வரவேயில்லை.

நாற்பத்தாறு ஆண்டு! 2015 செப்டம்பரில்தான் அதில் முப்பது மைலைத் திரும்பப் போட்டார்கள், எடின்பரோவிலிருந்து ட்வீட்பாங்க் வரை. நியூகாசில்டன் இன்னும் காத்துக்கொண்டுதான் இருக்கிறது. இந்தக் கதையை இந்த மண்டபத்தில் சொல்ல எனக்கு உரிமை உண்டு. 1990இல் நின்ற எங்கள் யாழ்தேவிக் கோச்சி 2014இல் திரும்ப யாழ்ப்பாணம் வந்தபோது இங்கிருந்து கைப்பேசியில் பார்த்து அழுதவர்கள் இந்த வரிசைகளில் இருக்கிறீர்கள். அங்கே போர் பிடுங்கியது, இங்கே கணக்கு பிடுங்கியது. தண்டவாளம் போன ஊரில் முதலில் கடை மூடும், பிறகு பள்ளி சுருங்கும், பிறகு இளைஞர் போவார்கள். போராடி மீட்ட பாதையும் உண்டு. செட்டிலிலிருந்து கார்லைல்வரை எழுபத்திரண்டு மைல் மலைப்பாதை. ரிபிள்ஹெட்டில் இருபத்துநான்கு வளைவுகளோடு நிற்கும் அந்தக் கல்பாலத்தைப் பழுதுபார்க்கக் காசில்லை என்று மூடப் பார்த்தார்கள். ஆயிரக்கணக்கானோர் ஆட்சேபம் எழுதினார்கள். ஒரு நாய்கூடத் தன் காலடித் தடத்தால் ஆட்சேபித்தது. அந்த நாய்க்கு இன்று கார்ஸ்டேல் நிலையத்தில் சிலை இருக்கிறது. 1989இல் அரசு மூடும் எண்ணத்தைக் கைவிட்டது.

அன்பானவர்களே, இனிக் கட்டணத்துக்கு வருகிறேன். இங்கேதான் என் நெஞ்சு கனக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை, விடிய நாலு மணிக்குத் தொலைபேசி அடித்தது. வடக்கே ஒரு நகரத்தில் என் மச்சான் காலமாகிவிட்டார். தங்கை தனியே இருக்கிறாள். கிடைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு நிலையத்துக்கு ஓடினேன். இயந்திரத்தின் முன் நின்று ஊர்ப்பெயரைத் தட்டினேன். போய்வர முந்நூறு பவுணுக்கு மேல் காட்டியது. பார்த்துக்கொண்டு நின்றேன். பின்னால் வரிசை. அட்டையைச் சொருகினேன். ரயிலில் எனக்கு எதிரே ஒரு மாணவி. ஒரே மேசை, ஒரே சன்னல், ஒரே வேகம். பேச்சுவாக்கில் கேட்டேன். இரண்டு மாதத்துக்கு முன்பே வாங்கிவிட்டேன் ஐயா, என்றாள். நான் கொடுத்ததில் பத்திலொரு பங்குகூட இல்லை. அந்தப் பிள்ளைமேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. மலிவாகக் கிடைத்தது அவளுக்கு நல்லதுதான். ஆனால் செத்தவீடு இரண்டு மாதத்துக்கு முன் சொல்லிவிட்டா வரும்?

இதை ஊருக்குச் சொன்னபோது என் பெரியப்பா கேட்டார்: “தம்பி, கோச்சி அதே கோச்சிதானே? கதிரையும் அதே கதிரைதானே? அப்ப விலை மட்டும் ஏன் ஆளுக்கு ஆள் மாறுது?” நான் அன்று பதில் சொல்லவில்லை. இன்று சொல்லிப் பார்க்கிறேன்.

இந்த நாட்டில் நெடுந்தூரச் சீட்டில் முக்கியமாக மூன்று விதம் உண்டு. எந்த ரயிலிலும் ஏறலாம் என்பது ஒன்று, அது மிகவும் விலை. நெரிசல் நேரம் தவிர்த்து ஏறலாம் என்பது இன்னொன்று, அது நடுத்தரம். குறித்த ரயிலில் மட்டும் ஏறலாம் என்று முன்பதிவு செய்வது மூன்றாவது. அதைச் சுமார் பன்னிரண்டு வாரத்துக்கு முன்பிருந்து விற்பார்கள், மிக மலிவாகவும் இருக்கும், அந்த ரயிலைத் தவறவிட்டால் சீட்டு வெறும் காகிதம். விமானக் கம்பெனியின் வியாபாரம் இது. காலியாகப் போகும் இருக்கையை மலிவாக விற்று நிரப்புவதில் தவறில்லை. தவறு எங்கே என்றால், அவசரத்தில் வருபவன் காசுள்ளவன் என்று அது எடுத்துக்கொள்கிறது. நிறுவனச் செலவில் கூட்டத்துக்குப் போகும் அதிகாரி அவசரத்தில் வருகிறார், உண்மை. தாய்க்குச் சுகமில்லை என்று ஓடும் மகனும் அவசரத்தில்தான் வருகிறான். நாளைக்கு வேலை உண்டா இல்லையா என்று இன்றிரவு அறியும் கூலித் தொழிலாளியும் அவசரத்தில்தான் வருகிறார். முன்கூட்டித் திட்டமிட முடிவது ஒரு வசதி, ஐயா! அது எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

அதற்குமேல், தெரிந்தவருக்கு ஒரு விலை, தெரியாதவருக்கு ஒரு விலை. லண்டனிலிருந்து பிரிஸ்டலுக்கு ஒரே சீட்டாக வாங்குவதைவிட, வழியிலுள்ள டிட்கொட்வரை ஒன்று, டிட்கொட்டிலிருந்து ஒன்று என்று உடைத்து வாங்கினால் பல வேளை குறையும். ரயில் டிட்கொட்டில் நின்றால் போதும், நீங்கள் இறங்கவே தேவையில்லை. இது திருட்டு இல்லை, விதியே இதை அனுமதிக்கிறது. ஆனால் இயந்திரம் இதைச் சொல்லுமா? சொல்லாது. சலுகை அட்டைகள் இருக்கின்றன. பதினாறிலிருந்து முப்பது வயதுக்கு, அறுபது கடந்தவருக்கு, குடும்பத்துக்கு, மாற்றுத்திறனாளிக்கு. பெரும்பாலான சீட்டில் மூன்றிலொரு பங்கு குறையும். அறுபது கடந்த பெரியவர்களே, உங்களில் எத்தனை பேர் எடுத்திருக்கிறீர்கள்? கை தூக்குங்கள் பார்க்கலாம். பாருங்கள், பாதிகூட இல்லை! ரயில் பிந்தினால் காசு திரும்பக் கேட்கலாம். ஒரு மணிநேரம் பிந்தினால் அந்த வழிக்கான கட்டணம் முழுவதும், அரை மணி பிந்தினால் பாதி. பல கம்பெனிகள் கால் மணிநேரத் தாமதத்துக்கும் ஒரு பங்கு கொடுக்கின்றன. நீங்களாகக் கேட்டால் உண்டு. கேட்காதவர் காசு கம்பெனியிடமே தங்கும்.

நான் முன்பு சொன்ன தந்திரம் நினைவிருக்கிறதா? அன்று மலிவு ரயிலை இருட்டில் ஓட்டினார்கள். இன்று மலிவு விலையை இருட்டில் வைத்திருக்கிறார்கள். அது உண்டு, இல்லையென்று ஒருவரும் சொல்ல முடியாது. கண்டுபிடிக்கத்தான் நேரம் வேண்டும், ஆங்கிலம் வேண்டும், கைப்பேசி வேண்டும், பழகிய கண் வேண்டும். அன்று ஏழ்மைக்குக் கூரை இல்லை. இன்று அறியாமைக்குக் கூரை இல்லை.

கிளாட்ஸ்டனின் சட்டத்தால் பிறந்த ஒரு பெயர் இன்னொரு இடத்தில் உயிரோடு இருக்கிறது. ஒரு பாதையை முறைப்படி மூடுவதற்கு நிறைய விசாரணை, அறிவிப்பு எல்லாம் வேண்டும். அந்தத் தொல்லையைவிட, வாரத்துக்கு ஒரு ரயிலை ஓட்டிவிட்டால் பாதை திறந்திருப்பதாகக் கணக்கு. ஸ்டொக்போர்ட்டிலிருந்து ஸ்டேலிபிரிட்ஜுக்குச் சனிக்கிழமை காலையில் அப்படியொன்று ஓடுகிறது. அதற்குப் பெயர் நாடாளுமன்ற ரயில்! ஏழைக்காக நாடாளுமன்றம் பிறப்பித்த ரயிலின் பெயர், ஒருவருக்கும் பயன்படாத ரயிலுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. அந்தப் பெயருக்கு நேர்ந்த கதியை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

குறை மட்டும் சொல்ல நான் வரவில்லை. இந்த நாட்டு ரயிலை நான் நேசிக்கிறேன். கிங்ஸ் குரொஸிலிருந்து எடின்பரோ 393 மைல். பென்னிக் கணக்கில் ஒரு பவுண், பன்னிரண்டு ஷில்லிங், ஒன்பது பென்ஸ். சட்டம் சொன்ன பன்னிரண்டு மைல் வேகத்தில் போனால் முப்பத்திரண்டே முக்கால் மணிநேரம். இன்று நாலரை மணிநேரத்துக்குள் போய்விடலாம். போகும்போது வலப்பக்கச் சன்னலைப் பிடியுங்கள். நியூகாசிலைத் தாண்டிக் கொஞ்சத் தூரத்தில் கடல் வரும். வயல், அதற்கப்பால் சாம்பல்நிறக் கடல், கடலோரம் ஒரு கோட்டை. பிறகு பெர்விக்கில் ட்வீட் ஆற்றுக்குமேல் ரயில் வேகம் தணிந்து வளையும். இருபத்தெட்டு வளைவுப் பாலம், 1850இல் ரொபர்ட் ஸ்டீவன்சன் கட்டியது. கீழே அன்னங்கள் வெள்ளைப் புள்ளிகளாக மிதக்கும். அந்தக் காட்சிக்குக் கட்டணம் இல்லை. ஆனால் அந்தச் சன்னலுக்கு வந்து சேரக் கட்டணம் இருக்கிறது, அதனால்தான் இத்தனை பேசுகிறேன்.

நல்ல சேதிகளும் உண்டு. ஸ்கொட்லாந்து 2025 செப்டம்பர் முதலாம் திகதி தன் ரயில்களில் நெரிசல்நேரக் கட்டணத்தை ஒழித்துவிட்டது. காலை ஏழு மணிக்கு வேலைக்கு ஓடுபவருக்கும் பத்து மணிக்கு உலாவப் போகிறவருக்கும் அங்கே இப்போது ஒரே விலை. இங்கிலாந்தில் 1993ஆம் ஆண்டுச் சட்டத்தால் துண்டு துண்டாகத் தனியாருக்குப் போன சேவைகள் ஒவ்வொன்றாக அரசின் கைக்குத் திரும்பி வருகின்றன. எல்லாவற்றையும் ஒரே அமைப்பாக்கி டார்பி நகரில் தலைமையகம் வைக்கப்போகிறார்கள். கைமாறுவது பெரிய காரியம்தான். ஆனால் எனக்கு ஒரு கேள்வி உண்டு. பெட்டியின் நிறம் மாறும், பெயர்ப்பலகை மாறும், என் தங்கையின் வீட்டுக்கு ஓடியபோது நான் பார்த்த அந்த விலை மாறுமா?

மாற்ற முடியும். வழி லண்டனிலேயே இருக்கிறது. நிலத்தடி ரயிலில் வங்கி அட்டையைத் தட்டி ஏறுகிறீர்கள், தட்டி இறங்குகிறீர்கள். நாள் முழுக்க எத்தனை முறை ஏறினாலும் ஒரு எல்லைக்குமேல் காசு போகாது. யார் கணக்குப் பார்த்தது? நீங்களா? இல்லை, இயந்திரம் பார்த்தது. உங்களுக்கு மலிவானது எதுவோ அதைத் தானாக எடுத்துக்கொண்டது. நேற்று வந்திறங்கியவருக்கும் நாற்பது ஆண்டு இருப்பவருக்கும் அங்கே ஒரே நீதி. தலைநகரத்தில் இது முடியுமென்றால் பிரிஸ்டலுக்கு ஏன் முடியாது? லீட்சுக்கு ஏன் முடியாது? கார்லைலுக்கு ஏன் முடியாது? விலையைத் தேடும் வேலையைப் பயணியின் தலையிலிருந்து இறக்கி, விற்பவர் தலையில் வையுங்கள். புதிய அமைப்பிடம் நாம் எழுத்தில் கேட்க வேண்டியது இதைத்தான். உங்கள் நாடாளுமன்ற உறுப்பினருக்கு எழுதுங்கள். தமிழர் எழுதிக் கேட்பார்கள் என்று அவர் அறியட்டும்.

எழுதினால் நடக்குமா என்று யாரோ முணுமுணுப்பது கேட்கிறது. நடந்திருக்கிறது. 2023 கோடையில் இங்கிலாந்தின் பெரும்பாலான டிக்கெட் கவுண்டர்களை மூடப்போவதாக அறிவித்தார்கள். இயந்திரம் இருக்கிறது, கைப்பேசி இருக்கிறது, கவுண்டர் எதற்கு என்றார்கள். ஏறக்குறைய ஏழரை இலட்சம் கருத்துகள் போய்க் குவிந்தன. கண் தெரியாதவர் எழுதினார், சக்கர நாற்காலியில் இருப்பவர் எழுதினார், பாட்டிகள் கையால் எழுதினார்கள். அக்டோபர் கடைசியில் அரசு அந்தத் திட்டத்தைக் கைவிடச் சொன்னது. கவுண்டர் பிழைத்தது.

அது பிழைத்ததால் நடந்த ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். போன மாதம் என் நிலையத்தில் வரிசையில் நிற்கிறேன். எனக்கு முன்னால் எங்கள் பக்கத்து அம்மா ஒருவர், எழுபது வயதிருக்கும், குளிர்ச்சட்டைக்குள் சேலை, கையில் ஒரு துணிப்பை. அண்ணன் தவறிவிட்டாராம், ஸ்கொட்லாந்துக்குப் போக வேண்டும். கண்ணாடிக்குப் பின்னால் நரைத்த தாடியோடு ஒரு மனிதர். எப்போது திரும்புவீர்கள் என்று கேட்டார். அம்மாவுக்கு அந்த ஆங்கிலம் விளங்கியது, பதில்தான் வரவில்லை. எட்டுச் செலவுச் சடங்கு முடியவா, அந்தியேட்டிச் சடங்கு முடியவா, அவருக்கே தெரியாது. நான் முன்னால் போய், தெரியவில்லையாம் என்றேன். அவர் தலையசைத்தார். இன்னும் நாற்பது நிமிடம் பொறுத்து ஒன்பதரைக்குப் பிறகு புறப்படும் ரயிலில் போகச் சொல்லுங்கள், திரும்புவதற்கு ஒரு மாதம்வரை செல்லும் சீட்டு இருக்கிறது, விலை பாதிக்கும் குறைவு என்றார். சலுகை அட்டை இல்லையா என்று கேட்டார். இல்லை என்றதும் கடவுச்சீட்டைப் பார்த்து அந்த இடத்திலேயே ஒன்று போட்டுக் கொடுத்தார். விலை இன்னும் இறங்கியது. பிறகு ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, புறப்படும் நேரம், மாறவேண்டிய நிலையம், அங்கே எத்தனையாம் நடைமேடை என்று பெரிய எழுத்தில் பேனாவால் எழுதி, சீட்டோடு சேர்த்து நீட்டினார்.

அம்மா சீட்டைத் துணிப்பைக்குள் வைத்தார். அந்தத் தாளை மட்டும் நாலாக மடித்துக் கைக்குள் வைத்துக்கொண்டார். “தம்பி, அந்தாளுக்கு நான் நன்றி சொன்னதெண்டு ஒருக்காச் சொல்லிவிடு” என்றார். சொன்னேன். அவர் அடுத்தவருக்குக் கை காட்டினார். அம்மாவை நாலாம் நடைமேடைக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.